தனக்கோடி பிடித்த கயிறு

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று அர்த்தம். பேரில் மலையை வைத்துக்கொண்டு, ஏறி நிற்க ஒரு மேடுகூட இல்லாத ஊர் நம்மூர் ஒன்றாகத்தான் இருக்கும். கேட்டால், மலை பெரிய கோயிலுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது என்பார்கள். கிடக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஏற ஆசைப்பட்டவன் என்ன செய்வான்? வண்டி பிடித்து விழுப்புரம் தாண்டி செஞ்சிப் பக்கம்தான் போக வேண்டும். அப்படி ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் வந்த நாலு பேரில் ஒருவர் தனக்கோடி. அந்த நாலு பேரில் ஏறாத ஒரே ஆள் அவர்தான்.

தனக்கோடிக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை. பொம்மைக் கம்பெனி. அச்சிலிருந்து எடுத்துக் காய வைத்த பச்சைப் பொம்மைகளைச் சூளை வண்டியில் அடுக்குவது அவர் பொறுப்பு. சுடாத பொம்மை வெறும் மண். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விடும். தளர்த்திப் பிடித்தால் பிள்ளையாரே போய்விடுவார். தனக்கோடி ஆள் பார்க்க நல்ல உயரம், உயரத்துக்கு மேல் அகலம். அந்த உடம்பில் இருந்த கைகள் மட்டும் பிள்ளை பெற்றவளின் கைகள் மாதிரி மெத்தென்று வேலை செய்யும். சாயங்காலம் சைக்கிளில் வீடு திரும்பும்போது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை மாவு. "என்னா தனக்கோடி, ஒரே நாள்ல நரைச்சிப்போச்சே!" என்று பாலக்கரை டீக்கடையில் தினமும் யாராவது ஒருத்தர் கேட்பார்கள். அவரும் தினமும் புதிதாகக் கேட்பது போல் சிரிப்பார்.

ஜங்ஷன் ரோட்டில் சி.டி. கடை வைத்திருந்த பாரிதான் எல்லாவற்றுக்கும் காரணம். கீபோர்டு வாசிப்பான். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது பாறை ஏறும் முகாமுக்குப் போய்வந்தான். அதிலிருந்து அவனுக்கு இரண்டு பைத்தியம். வாரத்தில் ஆறு நாள் பாட்டு, ஏழாம் நாள் பாறை. டூவீலர் மெக்கானிக் பாண்டியனை டிரம் வாசிக்கச் சேர்த்தான், பாறைக்கும் இழுத்துக்கொண்டு போனான். பாண்டியனுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள் துர்கா, நர்சரி ஸ்கூல் டீச்சர், கோயில் மணி மாதிரிக் குரல். "பாட்டுக்கு மட்டும் நானு, பாறைக்கு நீங்க மட்டுமா?" என்று அவளும் கிளம்பிவிட்டாள். மாமியார் தெருவெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தினார். துர்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சும்மா சொல்லக் கூடாது, மூன்று பேரில் அவள்தான் நன்றாக ஏறினாள். சுவரில் பல்லி போவது போலப் போவாள்.

குழுவுக்குக் 'கருங்கல் மெல்லிசைக் குழு' என்று பேர் வைத்தார்கள். "கருங்கல்லுல என்னாடா மெல்லிசை?" என்று ஊர் சிரித்தது. பெண்ணாடம், ஸ்ரீமுஷ்ணம், கருவேப்பிலங்குறிச்சி என்று சுற்றுப்பட்டில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதற்கும் கூப்பிட்டார்கள். சொந்த ஊரில் மட்டும் ஒருத்தரும் கூப்பிடவில்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்?

தனக்கோடி இந்தக் குழுவுக்குள் வந்தது ஸ்பீக்கர் தூக்க. ஒரு ஸ்பீக்கரை இரண்டு பேர் தூக்குகிற இடத்தில் அவர் ஒருவரே இரண்டைத் தூக்குவார். அடிநாதம் கொடுக்கும் பேஸ் கிட்டாரை வாசித்தவன் சிங்கப்பூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். கச்சேரிக்கு ஆள் இல்லை. பாரி அந்தக் கிட்டாரைத் தூக்கித் தனக்கோடி கழுத்தில் மாட்டினான்.

"ஐயோ, நான் என்னாத்த கண்டன் பாரி!"

"நாலே நாலு கம்பிண்ணா. மத்த கிட்டார்ல ஆறு. ஒனக்கு ரெண்டு மிச்சம். பயப்படாத."

பயந்துகொண்டேதான் கற்றுக்கொண்டார். பொம்மைக் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காற்றில் கம்பி இருப்பதாக நினைத்து விரலை நகர்த்திக்கொண்டிருப்பார். கூட வேலை செய்தவர்கள் கை மரத்துப்போய்விட்டது என்று நினைத்து எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பாறையிலும் ஒருமுறை ஏறிப் பார்த்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தலை உயரம் ஏறினார். அங்கே நின்று கீழே பார்த்தார். அப்புறம் சாக்கு மூட்டை சரிவது போல் சரிந்து வந்தார், பேண்ட் பின்பக்கம் மேலேயே தங்கிவிட்டது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அவர்தான். சிரித்து முடித்தபின் பாரி கயிற்றை அவர் கையில் கொடுத்தான்.

பாறை ஏறுவதில் ஏறுகிறவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். கயிறு உச்சியில் ஒரு வளையத்தில் திரும்பிக் கீழே வரும். ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில். மறுபக்கம், கீழே நிற்பவரின் இடுப்புக் கச்சையில் எட்டு வடிவத்தில் தொங்கும் இரும்புக்குள் நுழைந்து அவர் வலது கைக்கு வரும். மேலே ஏற ஏற இவர் தொய்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே கால் வழுக்கினால் இவர் கை இறுக வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வலது கை ஒரு நொடிகூடக் கயிற்றை விடக் கூடாது. கொசு கடிக்கட்டும், மூக்கு அரிக்கட்டும், வானமே இடிந்து விழட்டும். பாண்டியன் பிடித்தால் கை துறுதுறுக்கும். பாரி பிடித்தால் கண் வேடிக்கை பார்க்கும். தனக்கோடி பிடித்தால் மரத்தில் கட்டியது மாதிரி. பச்சைப் பிள்ளையாரைப் பிடித்துப் பழகிய கை, இறுக்கவும் இறுக்காது, விடவும் விடாது.

ஏறுவதற்கு முன் அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஏறுகிறவர் கேட்பார்: "சுதி சேந்துச்சா?" கீழே நிற்பவர் முடிச்சு, கச்சை, இரும்பு, கயிறு எல்லாவற்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்: "சேந்துச்சி, ஏறு." அந்தப் பதில் வராமல் பாறையில் விரல் படக் கூடாது. மேடையில் முதல் பாட்டுக்கு முன்னால் கேட்கிற கேள்வி அது, குன்றுக்கும் கூடவே வந்துவிட்டது. குன்றில் அந்தப் பதிலை நூறு தடவை சொல்லியிருந்தால் தொண்ணூறு தடவை சொன்னது தனக்கோடிதான்.

கல்யாணமே அந்தக் கிட்டாரால்தான் ஆனது. ஆளின் பருமனைப் பார்த்து வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போய், இனி இல்லை என்று அவர் கைகழுவியிருந்த நேரம். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு திருவிழாக் கச்சேரியில் அன்புக்கரசி அவரைப் பார்த்தாள். பிற்பாடு பெண் பார்க்கப் போனபோது அவளே சொன்னாள்: "எல்லாரும் பாட்ட கேட்டாங்க. எனக்கு நெஞ்சுல டம்மு டம்முன்னு ஒண்ணு வந்து எறங்குச்சி. யாரு இதுன்னு தேடுனன். நீங்க ஓரமா நின்னுகிட்டு இருந்தீங்க." தனக்கோடிக்குத் தன்னையும் ஒருத்தி தேடியிருக்கிறாளே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில், இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் தை மாசக் கடைசியில், ராஜாங்கம் வந்தார்.

ராஜாங்கம் நெல் மண்டிக்காரர். மாசி மகத்துக்குத் தெருவில் மேடை போடுகிற விழாக் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல் அவரே பாரி கடைப் படியேறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைக்குள்ளே சி.டி. அலமாரிக்குப் பின்னால் தனக்கோடி தரையில் உட்கார்ந்து மைக் வயரைப் பிரித்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவர் இருந்தது ராஜாங்கத்துக்குத் தெரியாது.

"தம்பி, இந்த வருசம் மாசி மகத்துக்கு நம்ம மேடையில உங்க கச்சேரிதான். வெளியூருக்காரன கூப்ட்டு கூப்ட்டு சலிச்சிப்போச்சி. வெயில் தாழ ஆரம்பிங்க, சாமி தெருவுக்கு வரதுக்குள்ள முடிச்சிடுங்க."

பாரிக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த ஊர் மேடை! "ரொம்ப சந்தோசங்க" என்று எழுந்தே நின்றுவிட்டான்.

"ஆனா ஒண்ணு. மேட சின்னது. மூணு பேருக்கு மேல ஏறக் கூடாது. அந்தப் பொண்ணு பாடட்டும், நீ வாசி, டிரம்மு இருக்கட்டும். குண்டா ஒருத்தரு ஓரமா நிப்பாரே, கருவேப்பிலங்குறிச்சியில பாத்தன், அவரு என்னா பண்றாருன்னே எனக்குக் கடைசி வரைக்கும் வெளங்கல. அந்த சத்தம் கீபோர்டுலயே வந்துடுமாமே?"

பாரி அலமாரிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "வரும்தான்..." என்று இழுத்தான். "கலந்து பேசிட்டு சொல்றங்க."

அந்த 'வரும்தான்' தனக்கோடிக்குப் போய்த் தைத்தது. பொய்யில்லை. பாரி இடது கையால் கீழ்க்கட்டைகளைத் தட்டினால் பேஸ் வந்துவிடும். பாதிக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறவரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ராஜாங்கத்தின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. நமக்குத்தான் வருகிறது. கச்சேரி முழுக்கக் கேட்டுவிட்டு என்ன பண்றார் என்று கேட்கிறவனின் காதை என்ன செய்வது? தனக்கோடி வயரைப் பற்றவைத்து முடித்து, சுருட்டி வைத்து, "வரன் பாரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் சோறு அப்படியே இருந்தது. அன்புக்கரசி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். வாங்கியதும் வெடித்தாள்.

"அந்த ஆளு காதுல என்னா பஞ்சா வச்சிருக்காரு? நீங்க ஏன் வாய மூடிக்கிட்டு வந்தீங்க?"

"அவரு சொன்னது நெசந்தான புள்ள. நான் யாரு? பொட்டி தூக்க வந்தவன். கிட்டார குடுத்தாங்க. மேடையில நிக்க வச்சாங்க. அவங்க உசுர எங் கையில குடுத்துட்டு மேல ஏறுனாங்க. ஒன்னயும் அவங்கதான் குடுத்தாங்கன்னு வையேன். இவ்ளோ செஞ்சவங்களுக்கு சொந்த ஊரு மேட கெடைக்குது. நான் ஒருத்தன் குறுக்க நிக்கணுமா?"

"குறுக்க நிக்க வேணாம். பக்கத்துல நில்லுங்க" என்றாள் அவள். ஆனால் அவர் விலகிக்கொள்வது என்று முடிவு பண்ணிவிட்டார். நன்றி இருக்கிறவன் செய்ய வேண்டியது அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு குன்றுக்குப் போனார்கள். பாறை அடியில் கயிற்றைப் பிரிக்கும்போது தனக்கோடி மெதுவாக ஆரம்பித்தார்.

"மாசி மகத்துக்கு நான் வர முடியாது போல. சூளை ஏத்தற வாரம். மேஸ்திரி லீவு குடுக்க மாட்டாரு. நீங்க மூணு பேரும் பண்ணிடுங்க."

பாரி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஒனக்கு எல்லாம் வருதுண்ணா. பொய் மட்டும் சொல்ல வரல."

"பொய் என்னா பொய்? அப்புறம், பாண்டியா, இன்னிக்கி கயிறு நீ புடி. எப்பவும் நானே இருப்பனா?"

பாண்டியன் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். துர்காவுக்கு அவர் அண்ணன் என்றால் இவனுக்கு மச்சான்தானே. "இன்னா மச்சான் இது, புதுசா?" என்று முனகிக்கொண்டே கச்சையை மாட்டிக்கொண்டான். பாரி பின்பக்க வழியாக உச்சிக்குப் போய் வளையத்தைச் சரிபார்த்து அங்கேயே உட்கார்ந்துகொண்டான். தனக்கோடி பத்தடி தள்ளி வேப்ப மர நிழலில் உட்கார்ந்தார். கயிறு இல்லாத கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"சுதி சேந்துச்சா?" என்றாள் துர்கா.

"சேந்துச்சி, ஏறு" என்றான் பாண்டியன்.

பாதிப் பாறை வரை ஒன்றுமில்லை. துர்காவுக்கு ஏறும்போது வாய் சும்மா இருக்காது. ஆழத்துப் பிள்ளையார் மேல் பாரி கட்டிய பாட்டு ஒன்று உண்டு. பெரிய கோயிலில் தரைக்குக் கீழே பள்ளத்தில் இறங்கிப் பார்க்க வேண்டிய பிள்ளையார் அவர். அவர்கள் கச்சேரி எல்லாம் அந்தப் பாட்டில்தான் தொடங்கும். அதை அவள் முணுமுணுத்தாள். சரணத்தில் தாளம் ஓர் இடத்தில் தாவித் திரும்பும். பாண்டியனுக்குப் பிடித்த இடம். கீழே நின்ற பாண்டியன் தலையை ஆட்டினான். இடது கை தொடையில் தாளம் போட்டது. தனக்கோடி மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாவுகிற இடம் வந்தது. பாண்டியனின் வலது கையும் கயிற்றை விட்டுவிட்டு ஒரு தட்டுத் தட்டியது.

ஊரில் எத்தனையோ பேர் கயிறு பிடிக்கிறார்கள். இந்தத் தப்பைச் செய்ய ஒரு டிரம்காரனால்தான் முடியும்.

அதே நேரத்தில் மேலே துர்காவின் கால் வழுக்கியது.

தனக்கோடி எப்போது எழுந்தார், எப்போது ஓடினார் என்று அவருக்கே தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக நகர்ந்ததை மேலே இருந்து பார்த்த பாரி பல வருஷம் கழித்தும் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். கயிறு இரும்புக்குள் சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, அப்படியே பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் கயிறு எரித்துக்கொண்டு ஓடியது. விடவில்லை. கயிறு நின்றது. துர்கா தரைக்கு ஓர் ஆள் உயரம் மேலே, தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு தொங்கினாள்.

மெதுவாக இறக்கினார். இறக்கி, அவள் கால் தரையில் பட்ட பிறகுதான் கையைத் திறந்தார். தோல் கயிற்றோடு போயிருந்தது.

துர்கா புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தனக்கோடியிடம் வந்து அவர் கையைப் பார்த்தாள். பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். பாண்டியன் மண்டி போட்டு உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"என் கைய வெட்டிப் போடு மச்சான்! இந்தக் கை எனக்கு வேணாம்!"

"வெட்டிட்டா மாசி மகத்துக்கு எவன்யா வாசிக்கிறது?" என்றாள் துர்கா அழுகைக்கு நடுவிலேயே.

தனக்கோடிக்குச் சிரிப்பு வந்தது. கை எரிச்சலில் கண்ணில் தண்ணீரும் வந்தது. "ஒண்ணும் இல்லம்மா. காந்துது, அவ்ளோதான். இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு என்னா பிரயோசனம்னு நெனச்சிக்கிட்டே இருந்தன். சாமி இன்னிக்கிக் காட்டிட்டான். நீ நல்லா இருக்கியே, அது போதும்" என்றார். மனசார அப்படியே நினைத்தார்.

விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் இரண்டு கைக்கும் கட்டுப் போட்டார்கள். எட்டு விரலும் உள்ளே. கட்டை விரல் இரண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கம்பெனியில், கை ஆறட்டும், வந்து உட்கார்ந்து மேற்பார்வை பாரு போதும் என்றார்கள். அன்புக்கரசி ஊட்டிவிட்டாள். "சின்னப் புள்ள மாதிரி இருக்குது" என்று வெட்கப்பட்டார். "இருந்துட்டுப் போங்க" என்றாள்.

ஒருநாள் யாரும் இல்லாதபோது கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்தார். பேஸ் கிட்டாரில் இடது கை விரல்கள் கம்பியை அங்கங்கே அழுத்தினால்தான் வேறு வேறு ஸ்வரம் வரும். அழுத்த விரல் இல்லை. வலது கட்டை விரலால் தட்டிப் பார்த்தார். நாலு கம்பிக்கு நாலு சத்தம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, இது தாழியும் இல்லை வெண்ணெயும் இல்லை. விலகுவதற்குப் பொய்க்காரணம் தேடியவருக்கு நிஜக்காரணம் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தானே படவேண்டும்? படவில்லை. அப்போதுதான் அவருக்கே தெரிந்தது, அந்த மேடையில் நிற்க அவருக்கும் ஆசை இருந்தது என்று. சொந்த ஊர். டீக்கடைக்காரர்கள், கம்பெனி ஆட்கள், வரன் தட்டிக்கழித்த ஆட்கள் எல்லாம் பார்க்க ஒரு தடவை. கிட்டாரை மூலையில் சாத்தினார்.

இரண்டு நாள் கழித்து பாரி வந்தான். கையைப் பார்த்தான், காபி குடித்தான். போகும்போது, "கம்பி மாத்தணும்ண்ணா, எடுத்துட்டுப் போறன்" என்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு மூன்று பேரில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. வேறு ஆளைப் பிடித்துவிட்டான் போலிருக்கிறது என்று தனக்கோடி நினைத்தார். நல்லதுதான், கிட்டார் சும்மா கிடப்பதற்கு யாராவது வாசிக்கட்டும் என்று வாயால் சொன்னார். அன்புக்கரசி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

மாசி மகம் வந்தது. மணிமுத்தாற்றுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக ஜனம். வேகவைத்த சோளம், பலூன், ராட்டினம், வளையல் கடை. தனக்கோடி வரமாட்டேன் என்றார். அன்புக்கரசி புதுச்சட்டையை அவர் கையில், இல்லை, அவர் கட்டு மேல் மாட்டிவிட்டு, "அவங்க நமக்கு சோறு போட்டவங்க இல்ல, அதுக்கும் மேல. போயி முன்னாடி நின்னு கேக்கறதுதான் மரியாத" என்று இழுத்துக்கொண்டு வந்தாள். இவள் மட்டும் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

வெயில் தாழ்ந்திருந்தது. மேடை நிஜமாகவே சின்னதுதான். பாரி கீபோர்டுக்கு முன்னால் நின்றான். துர்கா மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பாண்டியனைப் பார்த்ததும் தனக்கோடிக்குத் திக்கென்றது. பெரிய டிரம் இல்லை, தொங்குகிற தட்டுகள் இல்லை. குட்டியாக இரண்டு டிரம்மை மட்டும் வைத்துக்கொண்டு, மளிகைக்கடைக்காரர் போல் உட்கார்ந்திருந்தான். டிரம்காரன் ஒருத்தன் பாதி டிரம்மை வீட்டில் விட்டுவிட்டு வருவதாவது! அப்படி மிச்சமான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் சாய்த்து வைத்த பேஸ் கிட்டார்.

யாரோ வரப்போகிறார்கள் என்று தனக்கோடி சுற்றுமுற்றும் பார்த்தார். பாண்டியன் மேடையிலிருந்து குதித்து நேராக அவரிடம் வந்தான்.

"ஏறு மச்சான்."

"அடப் போடா, வெளையாடாத. கையப் பாரு."

"பாத்துட்டுதான் கூப்புடறன். நீயா வரியா, கயிறு போட்டுத் தூக்கட்டுமா?"

முன்வரிசையில் இருந்த ராஜாங்கம் எழுந்துவிட்டார். "தம்பி, நான் மூணு பேருன்னு தெளிவா சொன்னனே!"

துர்கா மைக்கிலேயே பதில் சொன்னாள். தெரு முழுக்கக் கேட்டது. "அவரு இல்லன்னா இன்னிக்கி ரெண்டு பேருதாங்க வந்திருப்பாங்க."

ராஜாங்கத்துக்கு முழுக்க விளங்கியதோ இல்லையோ, அந்தக் குரலில் இருந்தது விளங்கிவிட்டது. வெள்ளைக் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் கம்பெனி ஆட்கள் விசிலடித்தார்கள்.

தனக்கோடி நாற்காலியில் உட்கார்ந்தார். பாரி கிட்டாரை அவர் மடியில் வைத்தான். தனக்கோடி அவன் பக்கம் குனிந்தார். "பாரி, நாலு கம்பி நாலு சத்தம்தான் வரும். வேற எதுவும் என்னால முடியாது. ஊருக்கு முன்னாடி அசிங்கமாப் போயிடும்."

"நாலு தேவையில்லண்ணா. மூணு போதும்" என்றான் பாரி. சொல்லிவிட்டு கீபோர்டில் வலது கையை மட்டும் வைத்து, பிள்ளையார் பாட்டின் சுதியைப் பிடித்தான். இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

அந்தச் சுதியைக் கேட்டதும் தனக்கோடி நிமிர்ந்தார். அது ஆறு கட்டை. துர்கா பாடுவது ஐந்தரைக் கட்டையில். அதற்கு மேல் ஒரு மயிரிழை ஏற்றச் சொன்னாலும் சண்டைக்கு வருவாள். சரணத்தில் தொண்டை கிழிந்துவிடும் என்பாள். ஆறு கட்டையில் பாடினால் பிள்ளையார் பாட்டுக்கு வேண்டிய மூன்று ஸ்வரமும் மூன்று கம்பியிலும் அழுத்தாமலே இருந்தன. வெறும் கட்டை விரலால் தட்டினால் போதும். அவர் வீட்டு மூலையில் குமைந்துகொண்டிருந்த நாட்களில் இவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் அவர் கட்டை விரலுக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். சுதியை ஏற்ற கீபோர்டுக்கு ஒரு பட்டன் போதும். பாடுகிறவளுக்குப் பட்டன் ஏது?

"துர்கா, வேணாம்மா. நம்ம ஊரு. தொண்ட வழுக்கிடுச்சின்னா..."

துர்கா மைக்கை விட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"வழுக்குனா நீங்க இருக்கீங்க" என்றாள். பிறகு கேட்டாள்: "சுதி சேந்துச்சாண்ணா?"

கேட்டுவிட்டு நின்றாள். பாரி நின்றான். பாண்டியன் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி, கை ஆடாமல் காத்திருந்தான். கூட்டத்துக்கு என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. ஆனால் மேடை அமைதியானால் தெருவும் அமைதியாகும் அல்லவா, ஆனது. தனக்கோடி அந்தக் கேள்வியை எப்போதும் கீழே நின்று, கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தபடி கேட்டிருக்கிறார். இன்றைக்கு அது பக்கத்திலிருந்து வந்தது. இந்த மனுஷர்களை எனக்குக் கொடுத்த சாமியே, உனக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று அவர் உள்ளே எதுவோ கதறியது. அழக் கூடாது. முதலில் சரிபார்க்க வேண்டும். பாறையடியில் முடிச்சையும் கச்சையையும் தொட்டுப் பார்ப்பது போல், கட்டை விரலால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"சேந்துச்சி" என்றார். "ஏறும்மா."

துர்கா ஏறினாள். பல்லவி போயிற்று, அனுபல்லவி போயிற்று. முன்வரிசையில் அன்புக்கரசி நெஞ்சில் கை வைத்தபடி ராஜாங்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரணம் வந்தது. தாளம் தாவித் திரும்புகிற இடத்தில், அவள் இதுவரை போகாத உயரத்துக்குக் குரல் போயிற்று, ஒரு நொடி நடுங்கியது, பிறகு நின்றது. அவள் மேலே போய்ப் பத்திரமாக இறங்கி வரும் வரைக்கும் தனக்கோடியின் கட்டை விரல் கம்பியை விட்டு நகரவில்லை.